சிவப்புப் பொட்டு வைத்த ஆணிகள்

தம்பி, இந்தக் கடிதம் உனக்கு லீக்ஸ் மூட்டைகளோடு வந்து சேரும். மூர்த்தி மாமா வெள்ளிக்கிழமை காலையில் ராகலையிலிருந்து கொழும்புக்கு லொறி எடுக்கிறார். உன் பயிற்சி வகுப்பு நடக்கிற இடத்து வாசலில் உன் கையிலேயே கொடுத்துவிட்டுத்தான் மார்க்கட்டுக்குப் போவேன் என்று எனக்குச் சத்தியம் செய்திருக்கிறார். இன்று புதன். வெள்ளிக்குள் எழுதி முடிக்க வேண்டும். போனில் சொன்னால் என்ன என்று கேட்பாய். மூன்று தடவை எடுத்தேன். மூன்று தடவையும் நீ "சாப்ட்டீங்களாம்மா, அப்பா மருந்து குடிச்சாரா" என்று அவ்வளவு சந்தோஷமாகக் கேட்டாய், எனக்கு வாய் வரவில்லை. அதோடு நான் ஆரம்பித்தால் நீ சிரித்துவிடுவாய். "சும்மா இருங்கம்மா, ஒங்களுக்கு எதுக்கெடுத்தாலும் பயம்" என்பாய். காகிதத்திடம் அப்படிச் சொல்ல முடியாது. கடைசி வரைக்கும் வாசி. வாசித்த பிறகு லீவு முடிந்தாலும் மஸ்கெலியாவுக்குப் போகாதே. இதை முதலிலேயே எழுதி வைக்கிறேன், ஏனென்றால் நீ எதையும் பாதியில் மடித்து வைக்கிற ஆள்.

போன ஞாயிற்றுக்கிழமை நீ பேசினாயே, அன்றைக்குப் பிடித்த பயம் எனக்கு இன்னும் விடவில்லை. ஆவணியில் நிரோஷாவோடு கலியாணம், அதற்குள் நீ படிப்பிக்கிற பள்ளிக்கூடத்தின் கொட்டர்ஸ் வீட்டை அதிபர் பெரியசேர் உனக்கே கொடுத்துவிட்டார், கட்டிலும் அலுமாரியும் வாங்கி உள்ளே வைத்தாயிற்று என்றாய். நான் சாமி படத்தைப் பார்த்துக் கும்பிட்டுக்கொண்டே கேட்டேன். அப்புறம் சொன்னாய். "அம்மா, கொட்டர்ஸுக்குப் பின்னுக்கு ஒரு பெரிய பாறச் செவரு. அதுல வரிசையா ஆணி போட்டு, தட்டு வச்சு முடுக்கியிருக்கு. சில ஆணிக்குப் பக்கத்துல செவப்புப் பெயிண்டுல பொட்டு. ஒங்க பொட்டுதானேம்மா அது? நிரோஷா அந்தப் பாறையப் பாத்துப் பயந்துட்டா. நான் சொன்னேன், இது எங்கம்மா இழுத்துப் பாத்த மல, எங்கம்மா பொட்டு வச்ச மல, ஒன்னும் ஆகாதுன்னு. அதுக்கப்பறந்தான் சரின்னா." கட்டிலில் உட்கார்ந்துவிட்டேன். உட்கார்ந்துகொண்டு "நல்லது சாமி" என்றேன். அது நான் அந்தப் பாறையைப் பற்றிச் சொன்ன இரண்டாவது பொய். முதல் பொய்யைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

நீ எட்டாம் ஆண்டு படிக்கும்போது உன்னை இங்கே சித்தி வீட்டில் விட்டுவிட்டு நானும் அப்பாவும் மஸ்கெலியாவுக்கு வேலைக்குப் போனோம். அது அந்தப் பாறை வேலைதான் என்று உனக்குத் தெரியும். பள்ளிக்கூடத்துக்குப் புதுக் கட்டடம் கட்ட மலையை வெட்டினார்கள். வெட்டின இடத்தில் பாறை பலகை பலகையாக, நடுவில் வெடிப்போடு நின்றது. ஒரு நாள் லயத்து வீட்டுக் கதவளவு துண்டு ஒன்று பெயர்ந்து விழுந்தது. யாருக்கும் அடிபடவில்லை. அதன் பிறகுதான் முன்னால் நிற்கிற உடைந்த பாறையைப் பின்னால் இருக்கிற நல்ல பாறையோடு சேர்த்துப் பிடிக்க இரும்பு ஆணி போடுவது என்று முடிவெடுத்தார்கள். அப்பா துளை போடுகிறவர். நான் ஓ.எல். பாஸ், சிங்களமும் பேசுவேன் என்பதால் கொந்தராத்துக்காரர் என்னை ரெஜிஸ்டர் எழுத எடுத்தார். பதினாறு வருசம் கொழுந்துக் கூடை சுமந்தவளுக்குக் கையில் பேனா கிடைத்தது. தலைகால் புரியவில்லை எனக்கு. லீவுக்கு வரும்போதெல்லாம் உனக்குக் கதை அளந்தேன். "ஒங்கம்மா மலையவே இழுத்துப் பாத்தவடா" என்று நானே சொன்னேன். நீ அதை வகுப்பில் போய்ச் சொல்லி, உன் டீச்சர் என்னைச் சந்தியில் கண்டு கேட்டபோது எனக்குப் பெருமையாகவும் இருந்தது. அந்தப் பெருமையைத்தான் நீ இப்போது நிரோஷாவிடம் எடுத்துக் கொடுத்திருக்கிறாய்.

மலையை யாரும் இழுக்க முடியாது தம்பி. இழுத்தது ஆணியை. எப்படி என்று உனக்கு ஒழுங்காகச் சொன்னதே இல்லை, இப்போது கேள். பாறைக்குள் இரண்டு ஆள் நீளத்துக்குத் துளை போடுவார்கள். அதற்குள் பிளாஸ்டிக் தோல் போட்ட நீளமான பொட்டலங்களைத் தள்ளுவார்கள். பார்க்க அச்சு அசல் சொசேஜ், நாங்கள் அப்படியேதான் சொல்வோம். அந்தத் தோலுக்குள் ரெசின் ஒரு பக்கம், அதை இறுக வைக்கிற மருந்து ஒரு பக்கம், இரண்டும் சேராமல் இருக்கும். ஆணியை மெஷினில் பூட்டிச் சுழற்றிக்கொண்டே உள்ளே விட்டால் தோல் கிழிந்து, இரண்டும் கலந்து, கொஞ்ச நேரத்தில் கல்லாக இறுகிவிடும். வெளியே தட்டு வைத்து முடுக்கிவிடுவார்கள். இறுகினதா இல்லையா என்று கண்ணால் பார்க்க முடியாது. அதனால் ஆணியின் நுனியில் ஒரு ஜாக்கியை மாட்டி, கைப்பம்பால் அடித்து இழுத்துப் பார்ப்போம். பெரிய முள் எவ்வளவு இழுக்கிறோம் என்று காட்டும், சின்ன முள் ஆணி எவ்வளவு நகர்ந்தது என்று காட்டும். பெரிய முள் ஏறி அப்படியே நின்றால் ஆணி பிடித்திருக்கிறது. அடிக்க அடிக்கப் பெரிய முள் விழுந்து சின்ன முள் சுற்றினால் ஆணி வழுக்குகிறது. அப்பா முள்ளைப் பார்த்துச் சத்தமாகச் சொல்வார், நான் எழுதுவேன். பிடித்த ஆணிக்குப் பக்கத்தில் சிவப்புப் பொட்டு வைப்பது என் வேலை. எல்லா ஆணியையும் இழுப்பதில்லை. சிலதை மட்டும் இழுத்து, அதை வைத்து மற்றதை நம்புவார்கள்.

இஞ்சினியர் வாரத்துக்கு ஒரு தடவை வருவார், சிங்கள ஆள், நல்ல மனுசன். முதல் நாளே என்னைக் கூப்பிட்டுச் சொன்னார். "காஞ்ச துளையில எல்லா ஆணியும் பிடிக்கும். அது எனக்குத் தேவையில்லை. மழை பெய்யும்போது, தண்ணி வருகிற துளையில போட்ட ஆணியை இழுங்கள். அது பிடித்தால்தான் கீழே பிள்ளைகளை உட்கார வைக்கலாம்." அவர் சிங்களத்தில் சொன்னது ஒரு சொல் விடாமல் எனக்கு ஞாபகம் இருக்கிறது. மறந்திருந்தால் நன்றாக இருக்கும் என்று எத்தனையோ நாள் நினைத்திருக்கிறேன்.

மேல் வரிசையில் ஒரு ஊற்று இருந்தது. மழை பிடித்தால் வெடிப்பு வழியாக அங்கே மட்டும் தண்ணீர் ஓடும். ஒரு மழை நாளில் நானும் அப்பாவும் சுப்பவைசரும் அந்த ஊற்றுக்குப் பக்கத்தில் மூன்று ஆணியை இழுத்தோம். ஒன்று பிடித்தது. இரண்டு வழுக்கின. அப்பா "விழுது புள்ள, விழுது" என்று சொல்லச் சொல்ல நான் எழுதினேன். மழைத்தண்ணீர் விழுந்து மை கலைந்தது, அதையும் துடைத்துத் துடைத்து எழுதினேன். சுப்பவைசர் ரெஜிஸ்டரை வாங்கிப் பார்த்தார். அவர் நம்ம தோட்டத்துப் பிள்ளைதான், கெட்டவர் இல்லை. "அக்கா, கொழுந்து நிறுக்கையில ஈரத்துக்குன்னு கழிப்பாங்கள்ல, அது மாதிரி இதையும் கழிச்சிருங்க. மழத் தண்ணியில வழுக்குறது ஆணியோட குத்தமா? வெயில் வரட்டும், வேற நாலு ஆணிய இழுப்போம்" என்றார்.

நீ சிரிக்காதே. உனக்கு அது முட்டாள்தனமாகத் தெரியும். எனக்கு அன்று அது நியாயமாகப் பட்டது. பதினாறு வருசம் மழையில் நனைந்து பறித்த கொழுந்தைத் தராசில் வைக்கும்போதெல்லாம் கணக்கப்பிள்ளை "ஈரம்" என்று சொல்லி இரண்டு கிலோவோ மூன்று கிலோவோ கழிப்பார். யாரும் மறுபேச்சுப் பேச மாட்டோம். ஈரம் என்றால் கழிக்க வேண்டியது, ஈரத்தைக் கழித்தால் மிஞ்சுவதுதான் உண்மையான நிறை. எங்கள் மண்டைக்குள் அப்படித்தான் ஏறியிருந்தது. எந்த ஈரத்தைப் பார்க்கச் சொல்லி இஞ்சினியர் அனுப்பினாரோ அந்த ஈரத்தையே நாங்கள் கழித்துவிட்டோம். அந்தத் தாளைக் கிழித்து மடித்து ஜாக்கெட்டுக்குள் வைத்துக்கொண்டேன். வெயில் வந்ததும் கீழ் வரிசையில் காய்ந்த ஆணிகளை இழுத்தோம். எல்லாம் பிடித்தது. எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்தேன்.

ஆனால் சுப்பவைசர் மேல் மட்டும் பழியைப் போட்டால் எனக்கு நல்ல சாவு வராது. நான் தாளைக் கிழித்ததற்கு வேறு காரணம் இருந்தது. அதற்கு முந்தின கிழமை அப்பா அந்த மேல் வரிசையில் கயிற்றில் தொங்கித் துளை போட்டுக்கொண்டிருந்தார். மழை. கால் வைத்த இடம் பாசி. மெஷின் உதற, அவருக்கு மேலிருந்து தேங்காய் அளவு கல் ஒன்று பெயர்ந்து அவர் தலைத் தொப்பியில் பட்டுத் தெறித்துப் போனது. அவர் கயிற்றில் சுற்றிச் சுற்றி ஆடினார். நான் கீழே ரெஜிஸ்டரைப் போட்டுவிட்டுக் கத்தக்கூட முடியாமல் நின்றேன். இறக்கினபோது அவர் சிரித்துக்கொண்டு "என்ன புள்ள, பேயப் பாத்த மாதிரி நிக்கிற" என்றார். அன்றைக்கே முடிவு பண்ணினேன், இனி இவர் அந்த வரிசைக்கு ஏறக் கூடாது என்று. இரண்டு ஆணி வழுக்கியது என்று எழுதினால் அந்த வரிசை முழுவதையும் மறுபடி துளைக்கச் சொல்வார்கள். மறுபடி அவர்தான் ஏற வேண்டும், அதே மழையில், அதே கயிற்றில். அடுத்த வாரம் இஞ்சினியர் வந்து ரெஜிஸ்டரைப் புரட்டிவிட்டு என்னிடம் கேட்டார், மழையில் பார்த்தீர்களா, பிடித்ததா என்று. நான் "ஹரி சேர்" என்றேன். அவ்வளவுதான். ஒரே ஒரு சிங்களச் சொல், சரி என்று அர்த்தம். அவர் என்னை நம்பிக் கையெழுத்துப் போட்டார். உன் அப்பா உயிரோடு இருக்க வேண்டும் என்று நான் சொன்ன சொல் அது. அந்தச் சொல்லுக்குக் கீழேதான் நீ கட்டில் வாங்கிப் போட்டிருக்கிறாய்.

அதற்குப் பிறகு எனக்கு மழை என்றாலே பயம். நீ "வானொலி அம்மா" என்று கேலி பண்ணுவாயே, மண்சரிவுச் செய்தி வந்தால் நான் அடுப்பை விட்டு ஓடி வந்து ரேடியோவில் காதை வைப்பதை. நான் கேட்டது ஒரே ஒரு ஊர்ப் பெயர் வருகிறதா என்றுதான். வராவிட்டால் போய்ச் சோறு வடிப்பேன். பத்தாம் ஆண்டில் உன்னை நீர்வீழ்ச்சிப் பயணத்துக்கு விடமாட்டேன் என்று அடம்பிடித்தேன், பாறைக்குக் கீழே நிற்பீர்கள் என்று. நீ பாயில் குப்புறப் படுத்து அழுதாய். "ஒங்க பயத்தையெல்லாம் எந்தலையில கட்டாதீங்க" என்று கத்தினாய். நான் உன்னை அடித்தேன். அது அடிக்க வேண்டிய குற்றமே இல்லை. எனக்கு என்மேல் இருந்த கோபத்தை உன் முதுகில் காட்டினேன், அதற்கு இன்று மன்னிப்புக் கேட்கிறேன். அந்தத் தாளை எரிக்கவும் இல்லை, யாரிடமும் காட்டவும் இல்லை. உன் பிறப்புச் சர்ட்டிபிக்கட் இருக்கிற தகரப்பெட்டியில் அடியில் போட்டு வைத்திருந்தேன். உனக்கு அந்தப் பள்ளிக்கூடத்தில் வேலை கிடைத்த அன்றே எடுத்துக் காட்டியிருக்க வேண்டும். பகலில் பிள்ளைகளோடு இருந்துவிட்டுச் சாயங்காலம் ஹட்டனில் அறைக்குப் போய்விடுகிறான், மழைக்காலத்துக்குள் மாற்றல் வாங்கித் தந்துவிடலாம் என்று எனக்கு நானே சமாதானம் சொன்னேன். மற்றப் பிள்ளைகளின் தாய்மாரைப் பற்றி அப்போது நான் நினைக்கவில்லை. என் பிள்ளையை மட்டும் நினைத்தேன். இதை எழுதக் கை கூசுகிறது.

திங்கட்கிழமை அப்பாவிடம் சொன்னேன். அவர் வாசலில் உட்கார்ந்து விரல்களைத் தேய்த்துக்கொண்டிருந்தார். அந்த மெஷின் பிடித்துப் பிடித்து, குளிர் வந்தால் அவர் விரல் வெளுத்து மரத்துப் போவது உனக்குத் தெரியும். நான் தாளைக் கொடுத்தேன். அவர் வாசிக்கவில்லை. "அந்த ரெண்டு ஆணி மட்டுமில்ல, அந்த வரிசையே சரியில்லன்னு எனக்கு அன்னிக்கே தெரியும் புள்ள" என்றார்.

"எப்பிடித் தெரியும்?"

"அந்த மேல் வரிசையில தொளையக் கழுவுனா மஞ்சத் தண்ணியா வந்துச்சு. எவ்வளவு கழுவுனாலும் வந்துச்சு. களிமண்ணு. தொளச் செவரு பூரா அது பூசிக்கிட்டு இருந்தா மருந்து எங்குட்டுப் பாறையில ஒட்டும்? களிமண்ணுலதான் ஒட்டும். குளிருல மருந்து இறுகவும் நேரமாச்சு. இறுகுறதுக்குள்ள முடுக்குடா முடுக்குடான்னு கீழேர்ந்து சத்தம்."

"அப்ப ஏன் இஞ்சினியர்கிட்ட சொல்லல?"

"நீ ஹரின்னு சொல்லிட்டன்னு கேள்விப்பட்டேன். நான் வேற மாதிரி சொன்னா ஒன்னயப் பொய்க்காரின்னு வெரட்டியிருப்பாங்க. மொதத் தடவையா பேனா புடிச்சு ஒக்காந்திருந்த. மனசு வரல."

தம்பி, நான் அவரைக் காப்பாற்ற மறைத்தேன். அவர் என்னைக் காப்பாற்ற மறைத்தார். பதினோரு வருசம் ஒரே பாயில் படுத்து, ஒரே தட்டில் சாப்பிட்டு, இரண்டு பேரும் அதையே நினைத்துக்கொண்டு, ஒருவருக்கொருவர் வாயைத் திறக்கவில்லை. நீ கலியாணம் கட்டப் போகிறாய். நகை, சீலை, மண்டபம் எல்லாம் பெரியவர்கள் பார்த்துக்கொள்வார்கள். எனக்கு உன்னிடம் சொல்ல இருப்பது ஒன்றுதான், நிரோஷாமேல் இருக்கிற பாசத்தால் அவளிடம் எதையும் மறைக்காதே. அவளையும் மறைக்க விடாதே. நாங்கள் சண்டை போடாத ஜோடி என்று ஊரே சொல்லும். அந்த விசயத்துக்காக நாங்கள் ஒரு நாள் நன்றாகச் சண்டை போட்டிருந்தால் அந்த வரிசையை அன்றே மறுபடி துளைத்திருப்பார்கள்.

செவ்வாய்க்கிழமை தாளை எடுத்துக்கொண்டு நுவரெலியாவுக்குப் பஸ் ஏறினேன். மண்சரிவு பார்க்கிற அரசாங்கக் கந்தோரில் ஒரு சிங்களப் பிள்ளை இருந்தாள், உன்னைவிட நாலைந்து வயது மூத்தவள், டெக்னிக்கல் ஒபிசர். நான் சொன்னதை ஒன்றுவிடாமல் எழுதிக்கொண்டாள். "ஏன் இவ்வளவு நாள் சொல்லவில்லை" என்று ஒரே ஒரு தடவை கேட்டாள். "பயம் மிஸ்" என்றேன். "இப்போது ஏன் சொல்கிறீர்கள்?" அதற்கும் "பயம் மிஸ்" என்றுதான் சொன்னேன். அவள் என்னைப் பெரியவரிடம் கூட்டிப் போனாள். அவர் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, சரி, மழை விட்டதும் ஆள் அனுப்பி இழுத்துப் பார்க்கிறோம் என்றார். எனக்கு வந்ததே ஒரு ஆத்திரம். கந்தோர் என்றும் பார்க்கவில்லை, பெரிய மனுசன் என்றும் பார்க்கவில்லை. சிங்களத்தில் சொன்னேன்: "மழை விட்டால் பிடிக்கும் சேர். மழை விட்டுப் பார்த்துத்தான் நான் பொட்டு வைத்தேன். அந்தப் பொட்டை நம்பித்தான் என் மகன் அங்கே குடிபோகப் போகிறான். மழையிலேயே வாங்க. நானும் வருகிறேன், ஊற்று எது என்று என் வீட்டுக்காரர் காட்டுவார்." அவர் தாளை மேசையில் வைத்தார். பிறகு அந்தப் பிள்ளையிடம், வியாழக்கிழமை கயிற்று ஆட்களோடு போ என்றார். நாளைதான் வியாழன். வெளியே கொட்டுகிறது. வழக்கமாக மழை விட வேண்டும் என்று கும்பிடுகிறவள், இன்று விடக் கூடாது என்று கும்பிட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

இதற்கு மேல் எழுதுவது வியாழக்கிழமை சாயங்காலம். மஸ்கெலியாவிலிருந்து ஹட்டன் வந்து, ராகலை பஸ்ஸுக்குக் காத்துக்கொண்டு ஸ்டாண்டில் உட்கார்ந்து எழுதுகிறேன். மடியில் வைத்துத்தான் எழுதுகிறேன். எழுத்துக் கோணலாக இருந்தால் பார்த்துக்கொள்.

மழை விடவில்லை. லீவு என்பதால் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் இல்லை. பெரியசேர் மட்டும் குடையோடு நின்றார். அப்பா தடியால் ஊற்றைக் காட்டினார். அவர் காட்ட வேண்டிய அவசியமே இல்லை, அங்கே மஞ்சளாகத் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. உன் கொட்டர்ஸின் பின் ஜன்னலுக்கு நேர் மேலே. ஜன்னலுக்குள் உன் புதுக் கட்டில் தெரிந்தது, பொலித்தீன்கூடக் கழற்றவில்லை நீ. இரண்டு பையன்கள் கயிற்றில் இறங்கினார்கள். அவர்களின் அம்மாமார் எங்கே இருப்பார்களோ என்று நினைத்துக்கொண்டேன். மூன்று ஆணியை இழுப்பது என்று அந்த மிஸ் சொன்னாள். பொட்டு இல்லாத மூன்று. அப்பா கேட்டார், முள்ளைத் தானே பார்த்துச் சொல்லட்டுமா என்று. பாறைக்குப் பக்கத்தில் முள் தெரிகிற உயரத்துக்குக் கட்டியிருந்த சாரப் பலகையில் அவரை ஏற்றிவிட்டார்கள். என் கையில் பேனாவைக் கொடுத்தாள் மிஸ். "நீங்களே எழுதுங்க அம்மா" என்று தமிழில் சொன்னாள்.

முதல் ஆணி பிடித்தது. எனக்கு உயிர் வந்தது. ஒருவேளை நான் பயந்ததெல்லாம் வீணோ, உன்னைச் சும்மா கலவரப்படுத்துகிறேனோ என்றுகூட நினைத்தேன். இரண்டாவது ஆணி. முள் பாதி வரைக்கும் ஏறியது. அப்பா ஒவ்வொன்றாகச் சொன்னார், நான் எழுதினேன். பாதியைத் தாண்டவில்லை. அப்பா முள்ளைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. நான் "என்னங்க" என்றேன். "விழுது புள்ள" என்றார். அவர் குரல் அப்படியே அன்றைக்கு மாதிரியே இருந்தது. "விழுது. எழுது." நான் எழுதினேன். பையன் இன்னும் இரண்டு தடவை பம்பை அடித்தான். ஆணி ஒரு விரல் நீளம் வெளியே வந்தது தம்பி. என் கண்ணால் பார்த்தேன். மஞ்சள் களி பூசிக்கொண்டு, முரண்டு எதுவும் பிடிக்காமல், சும்மா வந்தது. மூன்றாவதும் வழுக்கியது. பெரியசேர் குடையை மடித்துவிட்டு மழையிலேயே நின்றார். "இத நம்பி முந்நூறு புள்ளைங்களை ஒக்கார வச்சிருந்தேனே" என்றார். என்னைப் பார்த்துச் சொல்லவில்லை. ஆனால் எனக்குத்தான் அது.

பின் கட்டடத்தையும் கொட்டர்ஸையும் பூட்டிச் சிவப்பு நாடா கட்டிவிட்டார்கள். லீவு முடிந்தால் பிள்ளைகளைக் கோயில் மண்டபத்தில் வைத்துப் படிப்பிக்கப் போகிறார்கள். மேல் வரிசை முழுவதையும் இழுத்துப் பார்த்து, மறுபடி துளைத்து, களியைக் கழுவிப் போட வேண்டும் என்றாள் மிஸ். மலை விழுமா என்று கேட்டேன். "இத வச்சு விழும்னு சொல்ல ஏலாது அம்மா. நிக்கும்னும் சொல்ல ஏலாது" என்றாள். இனி எனக்கு இருக்கிற பயம் அதுதான். அந்தப் பாறை இன்னும் அங்கேயே நிற்கிறது, மழை இன்னும் பெய்கிறது. என் பெயரைக் கேட்டு எழுதிக்கொண்டார்கள். விசாரணை வரும். உன்னோடு படிப்பிக்கிறவர்கள் உன்னைப் பார்த்து, இவன் அம்மாதான் அது என்பார்கள். பெண் வீட்டாரும் பேசுவார்கள். கலியாணத்துக்கு முன்னால் இப்படி ஒரு சீர் கொண்டுவருகிறாளே என்று நீ என்மேல் கோபப்படுவாய். கோபப்படு. ஒரு மாதம் பேசாமல் இரு. உயிரோடு இருந்து கோபப்படு.

கட்டிலை எடுக்கப் போகாதே. இதைத்தான் நான் பஸ் முழுக்க நினைத்துக்கொண்டு வந்தேன். புதுக் கட்டில், அலுமாரி, நாடாவைத் தாண்டி அஞ்சு நிமிசத்தில் எடுத்துவிட்டு வந்துவிடலாம் என்று உனக்குத் தோன்றும். உன்னை எனக்குத் தெரியாதா. கிடக்கட்டும். பாயில் படுத்துக் கலியாண வாழ்க்கையை ஆரம்பித்தவர்கள்தான் நானும் உன் அப்பாவும். பயிற்சி முடிந்ததும் நேரே ராகலைக்கு வா.

வருவதற்கு முன்னால் ஒரு வேலை செய். நிரோஷாவைக் கூப்பிடு. கடிதத்தை வாசித்துக் காட்டு, ஒரு வரி விடாதே, ஹரி என்று நான் சொன்னதையும் சேர்த்து. அந்தப் பாறையைப் பார்த்ததும் அவள் பயந்தாள். மனசுக்குப் பட்டதை வாய் திறந்து சொன்னாள். நான் பதினோரு வருசம் செய்யாததை அவள் ஒரு நிமிசத்தில் செய்தாள். நீ என் பொட்டைக் காட்டி அவள் வாயை அடைத்துவிட்டாய். போய் அவளிடம் மன்னிப்புக் கேள். இனி உன் வீட்டில் அவள் எதைப் பார்த்தாவது பயப்படுகிறேன் என்று சொன்னால், எங்கம்மா பார்த்த மலை என்று சொல்லாதே. எழுந்து அவளோடு வெளியே போய், மழையில் நின்று, அதைப் பார்.